ஏலத்திற்கு வந்த வீடும் முடிவில்லாத வழக்கும்

 

 

இன்று ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். வீட்டை வங்கியில் அடமானம் வைத்துக் கடன் வாங்கிய ஒருவரால் தவணை கட்ட முடியவில்லை. வங்கி வீட்டை ஏலம் போடுகிறது. அவர் ஒரு வழக்குப் போடுகிறார், தோற்கிறார். மறுபடி வேறு ஒரு காரணம் சொல்லி இன்னொரு வழக்கு, அதிலும் தோல்வி. பிறகு மனைவி பெயரில் ஒன்று, மகன் பெயரில் ஒன்று என்று போகிறது. இப்படி நான்கைந்து வருடம் ஏலத்தைத் தள்ளிக்கொண்டே போவது மார்க்கத்தில் ஆகுமா? சட்டம் கொடுத்த வழியில்தானே போகிறார், அதில் என்ன பாவம் என்று கேட்பவர்களும் உண்டு.

இது நமக்குத் தூரத்து விஷயமல்ல. திருப்புட்குழியிலும் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடு என்பது படுத்துத் தூங்கும் இடம் மட்டுமல்ல. குழித்தறி வைத்திருக்கும் குடும்பத்தில் வீட்டுத் தரையைத் தோண்டித்தான் தறி போட்டிருக்கிறார்கள். அந்த வீடு போனால் தறியும் போகும், அன்றாடக் கூலியும் போகும். தறியைப் பெயர்த்து வாடகை வீட்டுக்குக் கொண்டுபோனால், தரையில் குழி தோண்ட எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார்? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகளும் சம்பளச் சீட்டைக் காட்டி வீட்டுக்கடன் வாங்கியிருக்கிறார்கள். வேலை போய்விட்டால் மூன்றாவது மாதம் நோட்டீஸ் வரும். ஆகவே கடனில் மாட்டியவரைக் குற்றவாளியாகப் பார்த்துக்கொண்டு நான் இதைப் பேசவில்லை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாகப் பார்ப்போம். 2002ல் வந்த சர்ஃபேசி சட்டப்படி, கடன் வாராக்கடன் ஆகிவிட்டால் வங்கி கோர்ட்டுக்குப் போகாமலேயே அடமானச் சொத்தை விற்கலாம். அதற்கு முன் 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கடன் வாங்கியவர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் 15 நாளில் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் வீட்டை ஸ்வாதீனம் எடுக்கலாம். எடுத்தது தவறு என்றால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நமக்கு அது சென்னையில் இருக்கிறது. அங்கும் தோற்றால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உண்டு. ஆனால் அங்கே கடன் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். குறைத்தாலும் கால் பங்குக்குக் கீழே குறைக்க முடியாது. சாதாரண சிவில் கோர்ட்டுக்கு இந்த விஷயத்தில் போக முடியாது.

சட்டம் வந்த புதிதில், தீர்ப்பாயத்தில் முதல் வழக்குப் போடுவதற்கே வங்கி கேட்கும் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டு என்று இருந்தது. தவணை கட்டவே பணமில்லாதவன் முக்கால் பங்கை எங்கிருந்து கொண்டு வருவான்? 2004 ஏப்ரலில் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் அந்த நிபந்தனையை ரத்து செய்தது. ஆட்சேபத்துக்கு வங்கி காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பை ஒட்டித்தான் சட்டத்துக்குள் வந்தது. அன்று யாரோ வழக்குப் போட்டதால்தான் இன்று ஒரு ஏழை தன் முறையீட்டைச் சொல்ல முடிகிறது. இதை மறந்துவிட்டு, கோர்ட்டுக்குப் போனாலே பாவம் என்று சொல்லக்கூடாது.

மார்க்கமும் அப்படிச் சொல்லவில்லை. அலி (ரலி) அவர்களை யமனுக்குக் காழியாக அனுப்பும்போது, இரண்டாவது தரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். அபூதாவூத், திர்மிதியில் இது வருகிறது. நோட்டீஸ் முறையாக வரவில்லை, மதிப்பீட்டாளர் வீட்டின் விலையைப் பாதியாகக் குறைத்துவிட்டார், ஏல அறிவிப்புக்கு 30 நாள் கொடுக்கவில்லை, பாக்கி 20 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும்போதே இந்தச் சட்டத்தைப் பயன்படுத்திவிட்டார்கள் என்பன போன்ற காரணங்கள் உண்மையாக இருந்தால், தாராளமாகப் போகலாம். போகத்தான் வேண்டும். பயந்து வாயை மூடிக்கொண்டு வீட்டை விட்டுக் கொடுப்பது தவக்குல் ஆகாது.

இங்கே ஒரு பேச்சை இடையில் தீர்த்துவிடுகிறேன். வங்கிக் கடன் வட்டிதானே, வட்டி ஹராம்தானே, பிறகு அதைக் கட்டாமல் இழுத்தடித்தால் என்ன தப்பு என்று சிலர் மார்க்கத்தையே வக்கீலாக்கிப் பேசுகிறார்கள். வட்டி ஹராம் என்பதில் சந்தேகமில்லை. வாங்குவதும் கொடுப்பதும் எழுதுவதும் சாட்சி நிற்பதும் சபிக்கப்பட்டவை. ஆனால் அது கடன் வாங்கும் நாளில் நினைவுக்கு வர வேண்டிய மஸ்அலா. பணத்தை வாங்கி வீட்டைக் கட்டிக் குடியேறிய பிறகு, ஏல நோட்டீஸ் வந்த அன்றைக்கு நினைவுக்கு வந்தால் அதற்குப் பேர் பேணுதல் அல்ல. வட்டியைத் தடுக்கும் அதே இடத்தில், சூரா அல்பகராவின் 279வது வசனத்தில், கொடுத்தவரின் அசல் அவருக்கே உரியது என்று அல்லாஹ் சொல்கிறான். நீங்களும் அநியாயம் செய்ய வேண்டாம், உங்களுக்கும் அநியாயம் செய்யப்படாது என்ற கருத்தும் அங்கேயே இருக்கிறது. அசல் உங்கள் கழுத்தில் இருக்கிறது. ஜனாஸா வரைக்கும் இருக்கும்.

சரி, கேள்விக்கு வருவோம். அடுத்த வசனம், 280. கடன்காரர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது, விட்டுக்கொடுத்தால் அது இன்னும் நல்லது என்கிறது. மறுபக்கம் புகாரி, முஸ்லிமில் வரும் ஹதீஸில், வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அரபியில் ‘மத்ல்’ என்பார்கள். இரும்பைக் காய்ச்சித் தட்டித் தட்டி நீட்டுவதற்கு அந்தச் சொல்தான். வாய்தாவை நீட்டிக்கொண்டே போவதற்கும் அதே சொல்லை வைத்தார்கள். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

ஆக, இல்லாதவன் அவகாசம் கேட்பது வேறு, இருப்பவன் இழுத்தடிப்பது வேறு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம்முடைய ஆள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். கையில் பணமில்லை, ஆகவே இல்லாதவர். ஆனால் வீடு இருக்கிறது, அதை விற்றால் கடன் அடையும், ஆகவே இருப்பவர். இவர் எந்தக் கணக்கில் வருவார்?

நம் ஃபுகஹாக்கள் இதை விரிவாகப் பேசியிருக்கிறார்கள். கடனுக்காக அரசு அவனுடைய சொத்தை வலுக்கட்டாயமாக விற்கக்கூடாது, அவனே விற்றுக் கட்டும்வரை அவனைக் காவலில் வைக்கலாம் என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள். அவர்களுடைய மாணவர்கள் அபூயூசுஃப், முஹம்மது (ரஹ்) இருவரும், காழி விற்கலாம் என்றார்கள். ஃபத்வாவும் அந்தச் சொல்லின்படிதான். ஷாஃபி மத்ஹபில் குடியிருக்கும் வீட்டையும் விற்பார்கள், அவர் வாடகைக்குப் போகட்டும் என்பார்கள். ஹன்பலி மத்ஹபில் அவருக்குத் தேவையான வீட்டை விட்டுவிடுவார்கள். பெரிய வீடாக இருந்தால் விற்றுச் சிறியது வாங்கிக் கொடுப்பார்கள். மனதுக்கு ஆறுதலான சொல் இது. ஆனால் அவராகவே அடமானம் வைத்த பொருளில் கடன் கொடுத்தவருக்குத்தான் முதல் உரிமை. வீட்டுக்கடன் வாங்கும்போது கையெழுத்துப் போட்டுப் பத்திரத்தைக் கொடுத்தது நாம்தான்.

அடமானம் விஷயத்தில் இஸ்லாம் ஒரு கொடுமையை ஒழித்தது. ஜாஹிலிய்யா காலத்தில், குறித்த நாளில் கடன் வராவிட்டால் அடமானப் பொருள் முழுவதும் கடன் கொடுத்தவனுக்கே சொந்தம். ஐம்பதுக்கு வைத்தது ஐநூறு பெறும் என்றாலும் போச்சு. அப்படி மூழ்கிப் போகக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். விற்க வேண்டும், கடனை எடுத்துக்கொள்ள வேண்டும், மீதியை உடையவரிடம் கொடுக்க வேண்டும். இன்றைய சட்டத்திலும் ஏலத்தில் கடனும் செலவும் போக மீதி வந்தால் உரியவரிடம் கொடுக்க வேண்டும் என்று 13(7) பிரிவு சொல்கிறது. நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது. ஏலம் விட்டால் எல்லாமே போய்விடும் என்று நினைத்துத்தான் வழக்கு மேல் வழக்குப் போடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வீடு 30 லட்சம் பெறும், கடன் பாக்கி 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு விற்றால் ஏறக்குறைய 15 லட்சம் கையில் வரும். ஒரு சிறிய இடம் வாங்கலாம், தறி போடலாம். வட்டி வருடத்துக்கு 10 சதவீதம் என்றால், ஸ்டே வாங்கி மூன்று வருடம் ஓட்டினால் சாதாரண வட்டியே நாலரை லட்சம். அபராத வட்டியும் வக்கீல் ஃபீஸும் அதற்கு மேல். வழக்கில் இருக்கும் வீடு என்று தெரிந்தால் ஏலம் எடுக்க வருகிறவரும் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். ஸ்டே கிடைத்த அன்று வீட்டில் இனிப்புக் கொடுக்கிறார்கள். அன்று இரவும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நாட்டில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். மும்பையில் பஃப்னா மோட்டார்ஸ் என்ற கம்பெனி யூனியன் வங்கியில் 100 கோடி கடன் வாங்கியது. கட்டவில்லை. வங்கி எட்டு முறை ஏலம் வைத்தும் எடுக்க ஆளில்லை. 2023 ஜூனில் ஒன்பதாவது ஏலத்தில் செலிர் என்ற நிறுவனம் 105 கோடியே 5 லட்சத்துக்கு எடுத்தது. அதன் பிறகு, நாங்கள் 129 கோடி கட்டி மீட்டுக்கொள்கிறோம் என்று கடன்காரர்கள் உயர்நீதிமன்றம் போனார்கள், அனுமதியும் கிடைத்தது. 2023 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும்வரைதான் மீட்கும் உரிமை, அதற்குப் பிறகு இல்லை என்று சொல்லிவிட்டது. அத்தோடு முடிந்ததா? இல்லை. பழைய வழக்கைத் தீர்ப்பாயத்தில் உயிரோடு வைத்துக்கொண்டு, சொத்தை வேறு ஒருவருக்கு மாற்றிவிட்டதாகச் சொல்லி மறுபடி இழுத்தார்கள். 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் மறுபடி தலையிட வேண்டி வந்தது. முதல் வழக்கிலேயே சொல்லியிருக்க வேண்டிய வாதத்தை ஒளித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் புது வழக்குப் போடுவது நீதிமன்ற நடைமுறையைக் கெடுப்பது என்று கடுமையாகச் சொன்னது. இது கோடீஸ்வரர்கள் வழக்கு, நமக்கென்ன என்று விடாதீர்கள். மீட்கும் உரிமை பற்றிய அதே விதிதான் உங்கள் வீட்டுக்கும். 2025 செப்டம்பரில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலும் உச்சநீதிமன்றம் அதையே உறுதி செய்தது. பத்திரிகையில் ஏல அறிவிப்பு வந்த பிறகு பணத்தைப் புரட்டிக்கொண்டு ஓடுவதில் பயனில்லை. புரட்ட முடிந்தால் அதற்கு முன்பே புரட்டுங்கள்.

1977லேயே இதுபோன்ற ஒரு விஷயம் உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. அது அடமானம் அல்ல, பெங்களூரில் ஒரு கட்டடத்தைக் காலி செய்யும் வழக்கு. மேலே வரை தோற்று, காலி செய்ய அவகாசமும் வாங்கிக்கொண்டு, அவகாசம் முடியும்போது வேறு கோர்ட்டில் புது வழக்குப் போட்டார்கள். நீதிபதி கிருஷ்ண ஐயர் கட்சிக்காரரை மட்டும் கண்டிக்கவில்லை. பொய்யான வழக்கை வடிகட்டுவது வக்கீலின் கடமை என்றும் எழுதினார். நம்மில் வக்கீல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன்.

இப்போது இந்த ஹதீஸை வைத்துப் பாருங்கள். உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள், புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நானும் மனிதன்தான், வழக்கைக் கொண்டு வருபவர்களில் ஒருவர் மற்றவரைவிட வாதத் திறமை உள்ளவராக இருக்கலாம், அதைக் கேட்டு நான் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிடலாம், அப்படிப் பிறருடைய உரிமையை நான் எடுத்துக் கொடுத்தால் நெருப்பின் ஒரு துண்டைத்தான் கொடுக்கிறேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். ரசூலுல்லாஹ்வே தீர்ப்புச் சொன்னாலும் பொய் ஹலாலாகாது என்றால், தீர்ப்பாயத்தின் ஸ்டே எப்படி ஹலாலாக்கும்? ‘சட்டம் அனுமதிக்கிறது’ என்பது துன்யாவில் பதில். நோட்டீஸை மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார், அது பீரோவில் இருக்கிறது. ஆனால் அஃபிடவிட்டில் நோட்டீஸ் வரவேயில்லை என்று சத்தியம் செய்கிறோம். அந்தக் காகிதம் அல்லாஹ்விடம் வராதா?

என் அபிப்பிராயத்தில் எத்தனை வழக்கு என்ற எண்ணிக்கை முக்கியமல்ல. ஒரே வழக்கிலும் பாவம் இருக்கலாம், மூன்றாவது முறையீட்டிலும் நியாயம் இருக்கலாம். கீழே தவறாகத் தீர்ப்பு வந்தால் மேலே போவது உரிமை. அப்படிப் போகிறவர் தன்னிடமே ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியுமா? முழுமையாக விசாரித்து எனக்கு எதிராகத் தீர்ப்பு வந்தால் சாவியைக் கொடுப்பேனா? இரண்டாவதுக்கு ‘மாட்டேன்’ என்று மனசு சொன்னால், அவர் நீதி கேட்டுப் போகவில்லை, நாளைக் கடத்தப் போகிறார். உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா (ரலி) அவர்களுக்கு எழுதியதாக வரும் கடிதத்தில், ஆதாரம் கொண்டுவர அவகாசம் கேட்பவருக்கு ஒரு தவணை குறித்துக் கொடுங்கள், அதற்குள் கொண்டுவரவில்லை என்றால் தீர்ப்புச் சொல்லிவிடுங்கள் என்று இருக்கிறது. அவகாசமும் உண்டு, அதற்கு முடிவும் உண்டு.

இழுத்தடிப்பதில் வங்கிக்கு என்ன நஷ்டம், அது கடல் என்பார்கள். வங்கியை விடுங்கள். ஏலம் எடுத்தவர் யார்? ஏலம் முடிந்ததும் கால் பங்கு, மீதி முக்கால் பங்கு பெரும்பாலும் 15 நாளுக்குள் என்று கட்டியிருக்கிறார். வளைகுடாவில் பத்து வருடம் உழைத்த காசாக இருக்கலாம். பணமும் போய் வீடும் கைக்கு வராமல் வாடகை வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சானுக்கு இவருடைய பாக்கியால் எந்த வங்கியிலும் கடன் கிடைப்பதில்லை. இவர்களுக்கெல்லாம் மறுமையில் பதில் சொல்ல வேண்டும். இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். ஏலம் எடுப்பவர்கள் கூட்டுச் சேர்ந்து, நீ கேட்காதே நான் கேட்காதே என்று விலையை அமுக்கி ஒரு ஏழையின் வீட்டைப் பறித்தால் அதுவும் மோசடிதான். ஏலம் ஹலால். நபி (ஸல்) அவர்களே ஒரு அன்சாரித் தோழரின் விரிப்பையும் பாத்திரத்தையும் ஏலம் போட்டு, இரண்டு திர்ஹத்துக்கு விற்று, ஒன்றில் வீட்டுக்கு உணவும் மற்றொன்றில் கோடரியும் வாங்கச் சொன்னார்கள். அங்கே ஏலம் ஒரு மனிதரை நிமிர்த்துவதற்காக நடந்தது.

ஒரு கோபம் எனக்கும் உண்டு. பெரிய கம்பெனிகள் திவால் சட்டத்துக்குள் போனால் கடனில் பெரும்பகுதியை வங்கிகள் விட்டுக்கொடுக்கின்றன. தறிக்காரன் மூன்று தவணை தவறினால் கதவில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். இந்த நியாயம் எனக்குப் புரியவில்லை. ஆனாலும் அவர்கள் அநியாயம் செய்கிறார்கள் என்பதற்காக நம்முடைய பொய் சத்தியம் உண்மையாகாது. பிறர் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்பது சூரா அல்மாயிதாவின் 8வது வசனத்தின் கட்டளை.

அப்படியானால் கஷ்டத்தில் இருப்பவர் என்னதான் செய்வது? கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களுக்கு இப்னு அபீஹத்ரத் (ரலி) கடன் தர வேண்டியிருந்தது. பள்ளிவாசலிலேயே சத்தம் பெரிதாகிவிட்டது. வீட்டுக்குள் இருந்த நபி (ஸல்) அவர்கள் திரையை விலக்கி வெளியே வந்து, பாதியை விட்டுக்கொடுங்கள் என்று கஅபுக்குக் கையால் சைகை செய்தார்கள். அவர் உடனே சம்மதித்தார். பிறகு கடன்காரரைப் பார்த்து, எழுந்து மீதியைக் கொடுங்கள் என்றார்கள். விட்டுக்கொடுக்கச் சொன்னதும், கட்டச் சொன்னதும் ஒரே நிமிடத்தில் நடந்தன. இன்று அதைத்தான் ஒருமுறைத் தீர்வு என்கிறார்கள், ஓ.டி.எஸ். அதை உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது, வங்கியின் விருப்பம்தான் என்று 2021 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே வழக்குப் போட்டு வெறுப்பேற்றிய பிறகு கேட்பதைவிட, முதல் நோட்டீஸ் வந்த வாரத்திலேயே போய் உட்காருங்கள். லோக் அதாலத் இருக்கிறது, கட்டணம் இல்லை. ஏலத்துக்கு முன் நீங்களே விற்றுக் கடனை அடைக்க வங்கியிடம் அனுமதி கேளுங்கள், ஏலத்தைவிட நல்ல விலை கிடைக்க வாய்ப்புண்டு.

முஸ்லிமில் வரும் இன்னொரு சம்பவம். ஒருவர் வாங்கிய கனிகள் நஷ்டப்பட்டு, கடன் பெருகிவிட்டது. இவருக்கு ஸதகா கொடுங்கள் என்று மக்களிடம் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். கொடுத்தார்கள், போதவில்லை. அப்போது கடன் கொடுத்தவர்களிடம், கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்றார்கள். கவனியுங்கள், முதலில் கூப்பிட்டது ஊரை. ஜகாத் பெறும் எட்டுப் பேரில் கடன்பட்டவரும் ஒருவர், சூரா அத்தவ்பா 60. வீடு ஏலம் போன பிறகு ரமளானில் அரிசி மூட்டை அனுப்புகிறோம். அதற்கு முன், பாக்கி நாற்பதாயிரமாக இருக்கும்போது நாலு பேர் சேர்ந்து கட்டியிருந்தால்? அப்போது நமக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை, வெட்கம். நாம் கேட்கவில்லை, அவர் கார் வைத்திருக்கிறாரே என்று.

இதற்காகப் பள்ளி நிர்வாகிகளிடம் பேசியிருக்கிறேன். வங்கியிலிருந்து 60 நாள் நோட்டீஸ் வந்தவர்கள், எந்த மதத்தவராக இருந்தாலும் சரி, ஜும்ஆ முடிந்து மதரஸா அறைக்கு அந்தக் காகிதத்தோடு வாருங்கள். பெயர் வெளியே போகாது. நம் ஜமாஅத் வக்கீல் தம்பி ஒருவர் அஸர் வரை இருப்பார், கணக்குத் தெரிந்த இரண்டு பெரியவர்களும் இருப்பார்கள். நோட்டீஸில் எழுதியிருக்கும் தேதியைப் பார்த்து எத்தனை நாள் மீதி இருக்கிறது என்று முதலில் எண்ணுவோம். ஆட்சேபம் எழுத நியாயம் இருந்தால் எழுதிக் கொடுப்போம், இல்லையென்றால் உங்களோடு வங்கிக்கு வருவோம். பைத்துல்மாலில் இந்த மாதம் ஜகாத் நிதி கொஞ்சம் மீதி இருக்கிறது, அதையும் இதற்கு ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.